அசல் கேசட்டா, மறுவெளியீடா? ஃபின்லாந்து ஒற்றை ஆள் டெமோ வாங்கும் முன்

பிளாக் மெட்டலில் (அலறலும் இரைச்சலுமான தீவிர மெட்டல் இசை) கொஞ்ச காலம் ஊறியவர்கள் எப்படியும் ஒருநாள் ஃபின்லாந்தின் ஒற்றை ஆள் டெமோ (சொந்தமாகப் பதிந்து விநியோகித்த மாதிரிப் பதிவு) ஒன்றில் போய் மாட்டிக்கொள்வார்கள். கிதார், பேஸ், டிரம்ஸ், கீபோர்டு, அலறல் எல்லாம் ஒரே மனிதர், ஜெராக்ஸ் போட்ட கறுப்பு வெள்ளை அட்டை, நான்கைந்து பாட்டு, மொத்தமாக ஒரு 20 நிமிடம், அவ்வளவுதான். யூடியூபில் யாரோ ஏற்றிவைத்ததைக் கேட்டுக் கேட்டு ஒரு கட்டத்தில் சொந்தமாக ஒரு பிரதி வேண்டும் என்று தோன்றும், அங்கேதான் குழப்பம் ஆரம்பிக்கும். அசல் கேசட்டை ஒருவர் கிட்னியை விற்றால்தான் கட்டுப்படியாகும் என்கிற விலைக்குப் போட்டிருப்பார், எல்பியாக ஒரு மறுவெளியீடு இருக்கும், சிடியில் இன்னொன்று, இசைஞர்கள் நேரடியாக விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் ஃபைல், இது போதாதென்று யார் போட்டதென்றே தெரியாத ஒரு வண்ண வினைல் வேறு.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், காரணத்தை அப்புறம் பார்க்கலாம். கேட்பதற்காக வாங்குகிறீர்கள் என்றால் அந்த மனிதரோ, அவர் சம்மதம் தந்த லேபிளோ (இசை வெளியீட்டு நிறுவனம்) வெளியிட்ட சிடி, இல்லாவிட்டால் தரம் குறைக்காத ஃபைல். பொருளாகக் கையில் இருக்க வேண்டும் என்ற ஆசைக்காக வாங்குகிறீர்கள் என்றால் மட்டும் அசல் கேசட். எல்பி, யார் எதிலிருந்து செய்தார்கள் என்பதைப் பொறுத்தது. பூட்லெக், அதாவது அனுமதி இல்லாமல் யாரோ அடித்து விற்கும் பிரதி, எந்தக் கணக்கிலும் வேண்டாம். அசல்தானே உசத்தி என்று நினைப்பவர்களுக்கு இது எரிச்சலாக இருக்கும், தெரியும். ஆனால் இந்த மாதிரி டெமோவில் "அசல்" என்று விற்கப்படுகிற கேசட்டே ஒரு நகல்தான், பெரும்பாலும் நகலின் நகல்.

யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்று ஒரு வார்த்தை. எஸ்போவில் 1992-இல் சாமி டெனெட்ஸ் தனியாளாகத் தொடங்கியதுதான் தை சர்ப்பென்ட். டெமோக்கள் போட்டு, பிறகு ஆட்களைச் சேர்த்து, 1996-இல் ஸ்பைன்ஃபார்ம் என்ற லேபிள் வழியாக முதல் ஆல்பம் வந்தது. 1998 வாக்கில் இப்படி ஒற்றை ஆள்களின் ஒரு கூட்டமே கிளம்பியது. மிக்கோ ஆஸ்பாவின் கிளாண்டெஸ்டைன் பிளேஸ், பாப்டிசம், ரஷ்ய எல்லையை ஒட்டிய லப்பேன்ரந்தாவிலிருந்து சாட்டானிக் வார்மாஸ்டர், அடுத்த வருடமே ஹோர்னா குழுவின் ஷட்ராவுக் தனியாக ஆரம்பித்த சார்கைஸ்ட். ஆர்க்டிக் வட்டத்தை ஒட்டிய ரோவானியெமியில் 1989-இல் குழுவாகத் தொடங்கிய பெஹெரிட்கூட 1990-களின் நடுவில் ஒரே ஆளாகச் சுருங்கி, கிதாரைக் கீழே வைத்துவிட்டு மின்னணு இசைக்குப் போனது. இவர்களெல்லாம் பெயர் எடுத்தவர்கள். இவர்களுக்குப் பின்னால் ஒரே ஒரு கேசட் போட்டுவிட்டுக் காணாமல் போனவர்கள் ஏராளம், நீங்கள் தேடிக்கொண்டிருக்கும் டெமோ அநேகமாக அந்த வரிசையில் ஒன்றாகத்தான் இருக்கும்.

இப்போது அது எப்படிப் பதியப்பட்டிருக்கும் என்பதைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் வாங்கும் முடிவு முழுக்க இதில்தான் இருக்கிறது. ஸ்டூடியோவுக்குக் காசு இல்லாத ஒரு ஆளுக்கு அப்போது இருந்த வழி ஃபோர்-டிராக் கேசட் ரெக்கார்டர், ஒரே கேசட்டில் நான்கு தடங்களைத் தனித்தனியாகப் பதியும் கருவி. டீயாக் 1979-இல் கொண்டுவந்த போர்ட்டாஸ்டூடியோ 144 இந்த வகைக்கு முன்னோடி, அதன் பிறகு டாஸ்கமும் ஃபாஸ்டெக்ஸும் விதவிதமாக விற்றன. சாதாரண ஸ்டீரியோ கேசட்டில் டேப்பின் அகலத்தில் பாதி ஏ பக்கத்துக்கு, மறு பாதி பி பக்கத்துக்கு, பக்கத்துக்கு இரண்டு டிராக். போர்ட்டாஸ்டூடியோ அந்த நான்கையும் ஒரே திசையில் ஓட்டும். சில மாடல்களில் நொடிக்கு 4.76 செ.மீ. என்ற வழக்கமான வேகத்தை விட்டுவிட்டு இரட்டிப்பாக 9.5 செ.மீ. ஓடும், ஒலி கொஞ்சம் தெளிவாக வரட்டும் என்று. அதனால் அப்படிப் பதிந்த கேசட்டை வீட்டு டெக்கில் போட்டால் பாதி வேகத்தில் இரண்டு கருவிகள் மட்டும் கேட்கும், திருப்பிப் போட்டால் மற்ற இரண்டும் தலைகீழாக ஓடும். ஆக, முதன்முதலில் பதிந்த டேப் என்பதை நீங்கள் வாங்கிக் கேட்கவே முடியாது.

ஒரே ஆள் என்பதால் வரிசைப்படிதான் எல்லாம் நடக்கும். பெரும்பாலும் டிரம்ஸ் முதலில், கூட வாசிக்க ஆள் இல்லாமல், பாட்டை மனசுக்குள் ஓட்டிக்கொண்டே அடித்துப் பதிவார். வேகம் அங்கங்கே ஏறும் இறங்கும், பிறகு கிதார் வந்து அந்தத் தள்ளாட்டத்தின் மேலேயே உட்காரும். குழுவாக வாசிக்கும்போது ஒருவர் தடுமாறினால் மற்றவர் இழுத்துப் பிடிப்பார், இங்கே அதற்கு ஆள் கிடையாது, தவறிய அடி தவறியதாகவே நிற்கும், கிதார் பதியும்போது அதை மனப்பாடம் செய்துவைத்து அதே இடத்தில் தானும் தவறுவார். இந்த வகை டெமோக்களின் விசித்திரமான ஆட்டம் பாதி இதனால் வருவது. (டிரம் மெஷின் வைத்தவர்கள் வேறு ஜாதி, அவற்றில் எனக்கு அவ்வளவு பிடிப்பு இல்லை.) நான்கு டிராக் போதாதபோது மூன்றை ஒன்றாகக் கலந்து நான்காவதில் பதிந்துவிட்டு, காலியான மூன்றில் மேலும் கிதார் பதிவார்கள். ஒவ்வொரு முறை இப்படி மாற்றும்போதும் டேப் இரைச்சல் ஒரு அடுக்கு கூடும்.

அதன் பிறகுதான் மிக்ஸ்டவுன். நான்கு டிராக்கையும் இரண்டாக்கி இன்னொரு கேசட்டில், வசதி இருந்தவர்கள் டாட் என்ற டிஜிட்டல் டேப்பில், பதிவார்கள். நடைமுறையில் இதுதான் மாஸ்டர். இந்த மாஸ்டரிலிருந்து வீட்டு ட்வின் டெக்கில் ஒவ்வொன்றாகப் பிரதி எடுத்து, கவரில் போட்டு, தபாலில் அனுப்புவார்கள். நம்மூர் ரெக்கார்டிங் சென்டரில் பட்டியல் எழுதிக் கொடுத்துப் பாட்டுப் பதிந்து வாங்கிய தலைமுறைக்கு இதன் பலன் நன்றாகத் தெரியும், கடைக்காரர் எல்பியிலிருந்து எடுத்துக் கொடுத்தால் ஒரு மாதிரி, அவரே ஏற்கெனவே பதிந்துவைத்த கேசட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தால் வேறு மாதிரி. கணக்காகச் சொன்னால் ஒரே தரமான டேப்பில் ஒரு முறை நகலெடுக்கும்போது இரைச்சல் இரட்டிப்பாகும், அதாவது சுமார் 3 டெசிபல் கூடும். அவசரத்தில் ஹைஸ்பீடு டப்பிங் பட்டனை அழுத்தியிருந்தால் சிம்பல்களின் மேல் ஓசையும் கொஞ்சம் போயிருக்கும். ஐம்பது பிரதி எடுக்கிறவர் எத்தனை முறை அந்தப் பட்டனை அழுத்தாமல் இருந்திருப்பார், நீங்களே யோசித்துப் பாருங்கள்.

ஆக அசல் கேசட் என்று நீங்கள் வாங்குவது, ஃபோர்-டிராக்கை முதல் தலைமுறையாக எண்ணினால், மூன்றாவது தலைமுறை. மாஸ்டர் கேசட் அந்த மனிதரின் அலமாரியில் இருக்கிறது, இல்லாவிட்டால் எங்கோ தொலைந்துவிட்டது. அது இருந்து, அதிலிருந்து நேரடியாக எடுத்து ஒரு சிடி வந்திருந்தால், அந்தச் சிடி எத்தனை வருடம் கழித்து வந்திருந்தாலும் 1990-களின் அசல் பிரதியைவிட மூலத்துக்கு ஒரு படி அருகில் இருக்கிறது. சேகரிப்பாளர்கள் இதை ஏனோ பேசுவதே இல்லை.

அப்படியென்றால் அசல் கேசட்டுக்கு மதிப்பே இல்லையா? இருக்கிறது. அந்த மனிதர் தன் கையால் டெக்கில் போட்டு எடுத்த பிரதி அது, அட்டையை அவரே வெட்டி மடித்திருப்பார், சில சமயம் பெயரையும் எண்ணையும் பேனாவால் எழுதியிருப்பார். அன்றைக்கு அதை வாங்கியவர்கள் கேட்டதும் அந்த மூன்றாம் தலைமுறை ஒலியைத்தான், அதனால் "அன்றைக்கு அது எப்படிக் கேட்டது" என்பது உங்கள் கேள்வியாக இருந்தால் சிடி அதற்குப் பதில் சொல்லாது. இது நியாயமான ஆசை. ஆனால் 30 வருடம் பழைய கேசட்டில் டேப்பைப் படிக்கும் ஹெட்டோடு அழுத்தும் சின்னப் பஞ்சுத் துண்டு கழன்று விழுந்திருக்கலாம், டேப்பின் ஒரு சுற்றிலிருந்து அடுத்த சுற்றுக்குக் காந்தப்பதிவு ஒட்டிக்கொண்டு பாட்டு தொடங்கும் முன்னே அதன் மங்கலான எதிரொலி கேட்கலாம். இன்னொன்று, அவர் பதிந்த டெக்கின் ஹெட் கோணமும் உங்கள் டெக்கின் ஹெட் கோணமும் ஒத்துப்போகாவிட்டால் மேல் ஓசை எல்லாம் அடங்கி, போர்வைக்குள்ளிருந்து வாசிப்பது போல ஆகிவிடும். ஹெட் பக்கத்தில் இருக்கும் சின்னத் திருகாணியை மெல்லத் திருப்பிச் சரிசெய்யலாம், செய்யத் தெரிந்தால். இரைச்சலைக் குறைக்கும் டால்பி பட்டனையும் மறக்கக் கூடாது, டால்பி இல்லாமல் பதிந்ததை டால்பி போட்டுக் கேட்டுவிட்டு டெமோ மந்தமாக இருக்கிறது என்று எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

போலி அசல்கள் தனிக் கதை. ஜெராக்ஸ் அட்டையும் கடையில் வாங்கிய வெற்றுக் கேசட்டும் சேர்ந்ததுதான் பொருள் என்றால் அதைப் போலியாகச் செய்வது எவ்வளவு சுலபம்! அதனால் விலை ஏறிய எதையும் வாங்கும் முன் அட்டையின் இரண்டு பக்கத்துக்கும் கேசட் ஷெல்லுக்கும் தெளிவான படம் கேளுங்கள். கேசட் கம்பெனிகள் ஷெல் வடிவத்தையும் மேலே ஒட்டும் தாளையும் சில வருடத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டே இருந்தன, 1994 டெமோ என்று சொல்லி அதற்குப் பல வருடம் பிந்திய வடிவத்தில் வந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். விலை அச்சிட்டிருந்தால் நாணயத்தைப் பாருங்கள், ஃபின்லாந்தில் யூரோ நோட்டுகள் 2002 ஜனவரியில்தான் வந்தன, அதற்கு முன் மார்க்கா. தொலைபேசி எண் இருந்தால் இன்னும் நல்லது: 1996 அக்டோபரில் நாடு முழுக்க ஏரியா கோடுகளை மாற்றினார்கள், ஹெல்சிங்கியின் 90 அப்போதுதான் 09 ஆனது. 1994 அட்டையில் 09 என்று தொடங்கும் ஹெல்சிங்கி எண் இருந்தால் அந்த அட்டை பிற்பாடு அச்சானது. தாள் பழுப்பேறியிருப்பதை நம்பவே வேண்டாம், தேநீரில் நனைத்தாலே அது வந்துவிடும்.

அடுத்து எல்பி. இங்கே எனக்குக் கொஞ்சம் முன்முடிவு உண்டு, ஒத்துக்கொள்கிறேன், பெரிய அட்டையில் அந்த ஜெராக்ஸ் படம் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த இசைக்கு வினைல் பொருத்தமான வீடு இல்லை. இடைவிடாத கிதார் ட்ரெமலோ (ஒரே சுரத்தை வேகமாகத் திரும்பத் திரும்ப மீட்டுவது), மேலே சிம்பல் இரைச்சல், கீழே பேஸ் ஏறக்குறைய கிடையாது என்று ஆற்றல் எல்லாம் மேல் அலைவரிசையில் குவிந்திருக்கும் ஒலியை வெட்டுவது வினைல் வெட்டுபவருக்குத் தலைவலி. அவர் ஒன்று ஒலியளவைக் குறைப்பார், இல்லாவிட்டால் மேல் ஓசையைக் கழிப்பார். தட்டின் உள்பக்கம் போகப் போக ஒரு சுற்றின் நீளம் குறைந்து சிதைவும் கூடும். ஒரே நல்ல விஷயம், டெமோ 20 நிமிடம் என்றால் பக்கத்துக்குப் பத்து நிமிடம்தான், 45 வேகத்தில் அகலமாக வெட்டலாம், உள்பக்கம் வரை போகவே வேண்டாம். அப்படிச் செய்த மறுவெளியீடுகள் நன்றாக இருக்கும். இரண்டு டெமோவை ஒரே தட்டில் அடைத்து 33-இல் வெட்டியவற்றைத் தவிர்த்துவிடலாம்.

பூட்லெக் தொல்லை அதிகம் இருப்பதும் வினைலில்தான். வண்ணத் தட்டு, "300 பிரதி மட்டும்", லேபிள் பெயர் இல்லை அல்லது கேள்விப்படாத பெயர், மூலம் எது என்று ஒரு வரிகூட இல்லை, இவை எல்லாம் சேர்ந்தால் யாரோ யூடியூபிலிருந்தோ ஒரு பழைய எம்பி3-யிலிருந்தோ எடுத்து வெட்டியிருக்க வாய்ப்பு அதிகம். அதாவது நீங்கள் இலவசமாகக் கேட்டுக்கொண்டிருந்த அதே ஃபைலை, ஒரு தட்டில் கீறி, கப்பல் செலவோடு வாங்குகிறீர்கள். பாட்டு உரிமையும் பதிவு உரிமையும் ஃபின்லாந்து சட்டப்படி இன்னும் பல பத்தாண்டுகள் நிற்கும், 1990-களின் டெமோ எதுவும் பொதுச் சொத்தாகிவிடவில்லை.

டெமோவை லேபிள் தன் இஷ்டத்துக்கு வெளியிடுவது புதிதும் அல்ல. பெஹெரிட்டின் முதல் ஆல்பம் என்று பலர் நினைக்கும், டர்போ மியூசிக் 1991-இல் வெளியிட்ட தட்டு, உண்மையில் ஆல்பமாகப் பதியப்பட்டதே இல்லை, 1990-இன் ஒரு டெமோவும் ஒரு 7 இன்ச் ஈபியும் (சிறு தட்டு) சேர்த்து ஒட்டப்பட்டவை. ஸ்டூடியோவுக்குக் கொடுத்த பணத்தைக் குடித்தே தீர்த்துவிட்டார்கள், அதனால்தான் லேபிள் இப்படிச் செய்தது என்று ஒரு கதை பரவலாக உண்டு. முறையான முதல் ஆல்பம் 1993-இல் ஸ்பைன்ஃபார்மில்தான் வந்தது. ஆனால் அந்த ஒட்டுத் தட்டு தானே ஒரு பெரிய பெயர் எடுத்துவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும், எதையும் இங்கே கறாராகப் பேச முடிவதில்லை.

சிடியைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றும் இல்லை. விலை குறைவு, தபால் எடை குறைவு, இரண்டு மூன்று டெமோக்கள் ஒரே வட்டில் வரும், தேயாது. கேசட்டின் இரைச்சல் தளத்துக்கும் உச்ச ஒலிக்கும் இடையே டால்பி இல்லாமல் 50 சொச்சம் டெசிபல்தான் இருக்கும், சிடிக்கு 96, அதனால் கேசட்டில் இருந்த எதையும் சிடி தவறவிடப் போவதில்லை. அடிப்பக்கம் பச்சையோ நீலமோ அடித்தால் அது வீட்டில் எரித்த சிடி-ஆர், வெள்ளிப் பளபளப்பு என்றால் பெரும்பாலும் ஆலையில் அச்சடித்தது. சிடி-ஆர் என்றால் வாங்கிய அன்றே கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுங்கள், பழைய சிடி-ஆர்களில் படிக்க முடியாமல் போனவை உண்டு.

சிடியில் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று, ரீமாஸ்டர் (பழைய பதிவின் ஒலியைப் புதிதாகச் சீரமைப்பது) என்ற பெயரில் என்ன செய்திருக்கிறார்கள் என்பது. டேப் இரைச்சலைச் சாஃப்ட்வேர் வைத்துத் துடைத்தால் கூடவே சிம்பலின் வாலும் போய்விடும், அதற்குப் பதிலாகத் தண்ணீருக்குள் குமிழி விடுவது போன்ற ஒரு சத்தம் ஒட்டிக்கொள்ளும். பாட்டுக்கு நடுவே இருக்கும் மௌனத்தைக் கேட்டுப் பாருங்கள், இரைச்சல் திடீரென்று வெட்டப்பட்டிருந்தால் சந்தேகப்படலாம். ஒலியளவை ஏற்றி ஏற்றி அலைவடிவத்தைச் செங்கல் மாதிரி ஆக்கியிருந்தாலும் அதே கதைதான். இதைவிட மோசம், பழைய ஃபோர்-டிராக் டேப்பைத் தேடி எடுத்துப் புதிதாக மிக்ஸ் செய்வது. தொழில்நுட்பப்படி அது மூலத்துக்கு இன்னும் அருகில்தான், முதல் தலைமுறை, ஆனால் 20 வயதில் அந்த ஆள் குரலை எவ்வளவு புதைத்து வைத்தாரோ அந்த முடிவும் டெமோவின் ஒரு பகுதி, அதை 45 வயதில் அவரே வந்து திருத்தினாலும் எனக்கு வேண்டாம். அப்படி வந்தால் கூடுதல் பிரதியாக வாங்கலாம், ஒரே பிரதியாக அல்ல.

லேபிளும் இசைஞரும் ஒரே ஆளாக இருக்கும் இடத்தில் இந்தக் கவலைகள் நிறையக் குறையும். ஆஸ்பா கிளாண்டெஸ்டைன் பிளேஸை வெளியிட்டது தன் சொந்த லேபிளான நார்தர்ன் ஹெரிட்டேஜில், மாஸ்டர் யாரிடம் இருக்கிறது என்ற கேள்வியே அங்கே எழாது.

ஃபைலுக்கு வருவோம். பேண்ட்கேம்பில் அந்த மனிதரே போட்டிருந்தால், டிஜிட்டல் விற்பனையில் தளம் வழக்கமாக எடுப்பது 15 சதவீதம், பணம் செலுத்தும் கட்டணம் போக மீதி அவருக்கு. ஃப்ளாக் என்ற தரம் குறையாத வடிவில் இறக்கினால் சிடிக்குச் சமம், அட்டை இல்லை, அவ்வளவுதான் குறை. ஆனால் யார் போட்டது என்று பாருங்கள், பேண்ட்கேம்பிலும் ரசிகர்கள் திருட்டுத்தனமாக ஏற்றியவை இருக்கின்றன. யூடியூப் ரிப் (கேசட்டிலிருந்து யாரோ எடுத்து ஏற்றியது) பற்றித் தனியாகச் சொல்ல வேண்டிய ஒன்று வேகம். வீட்டு டெக்குகள் ஒன்றுக்கொன்று இரண்டு மூன்று சதவீதம் வேகம் மாறுபடுவது சாதாரணம். சுமார் 5.946 சதவீதம் மாறினால் சுருதி முழுசாக அரைச்சுரம் நகர்ந்துவிடும், 3 சதவீதம் என்றால் எந்தக் கட்டையிலும் சேராமல் நடுவில் தொங்கும். கிதாரை எடுத்து ரிப்புடன் சேர்ந்து வாசித்துப் பாருங்கள், திறந்த கம்பிகள் எதனோடும் சேரவில்லை என்றால் அந்த ரிப் வேகம் தப்பியதாக இருக்கலாம். வேகம் கூடிய ரிப்பிலேயே பழகியிருந்தால் சரியான வேகத்தில் வரும் சிடி "மந்தமாக" இருக்கிறது என்று முதலில் தோன்றும், ஒரு வாரத்தில் சரியாகிவிடும்.

இனி, பணம் யாருக்குப் போகிறது என்பது. ஃபின்லாந்தின் நிலத்தடி பிளாக் மெட்டல் வட்டாரத்தில் ஒரு பகுதிக்கு நாஜி சாய்வு உண்டு, சிலர் ஒளித்தும் வைப்பதில்லை. இசை வெளியீடுகளைப் பட்டியலிட்டு விற்கும் டிஸ்காக்ஸ் தளத்தில் சில வெளியீடுகள் பட்டியலில் இருக்கும் ஆனால் விற்பனைக்குத் தடை என்று காட்டும், அது சும்மா இல்லை. ஒற்றை ஆள் டெமோ என்றால் நீங்கள் கொடுக்கும் காசு லேபிளைத் தாண்டி நேரே ஒரே ஒரு ஆளின் கைக்குப் போகிறது, அதனால் அந்த ஆள் யார், லேபிள் வேறு யாரையெல்லாம் வெளியிடுகிறது என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. வரிகள் புரியாத மொழியில் இருக்கின்றன என்பது சாக்கு ஆகாது, மெட்டல் குழுக்களின் தகவல் தளமான மெட்டல் ஆர்க்கைவ்ஸில் பாடல் கருப்பொருள் என்றே ஒரு கட்டம் இருக்கிறது. எனக்கு இந்த விஷயத்தில் ஒலி எவ்வளவு நன்றாக இருந்தாலும் விட்டுக்கொடுக்க மனசு வருவதில்லை. உங்கள் கோடு வேறு இடத்தில் இருக்கலாம், கோடே இல்லாமல் இருப்பதுதான் எனக்குப் புரியாதது. பழைய கேசட்டை மூன்றாவது ஆளிடமிருந்து வாங்கினால் அந்த இசைஞருக்குப் பணம் போகாதே என்று ஒரு வாதம் உண்டு, அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு.

இந்தியாவிலிருந்து வாங்குகிறவர்களுக்கு இரண்டு விஷயம். ஃபின்லாந்தில் வாட் வரி 2024 செப்டம்பரிலிருந்து 25.5 சதவீதம், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே ஏற்றுமதி என்றால் அதைச் சேர்க்கத் தேவையில்லை, லேபிளின் கடையில் முகவரி போட்டதும் விலை குறைகிறதா என்று பாருங்கள். இங்கே சுங்க வரி தனி, எல்பி மாதிரி பெரிய பார்சல்தான் எளிதில் கண்ணில் படும். இன்னொன்று நம் காற்று. ஃபின்லாந்தில் 30 வருடம் உலர்ந்த அலமாரியில் நன்றாக இருந்த டேப் சென்னை ஈரப்பதத்தில் பூஞ்சை பிடிக்க அதிக நாள் ஆகாது, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில்தான் வைக்க வேண்டும், அதையும் அவ்வப்போது எடுத்து முழுக்க ஒருமுறை ஓட்டிவைக்க வேண்டும். கேசட் டெக் ரிப்பேர் செய்யத் தெரிந்தவர்களும் குறைந்துகொண்டே வருகிறார்கள். நல்ல டெக் இல்லாமல் அசல் கேசட் வாங்குவதில் எனக்கு அர்த்தம் தெரியவில்லை, டெக் வாங்கும் செலவையும் அதன் விலையில் சேர்த்துப் பாருங்கள்.

சரி, நடைமுறையில் எப்படி முடிவெடுப்பது? முதலில் மெட்டல் ஆர்க்கைவ்ஸிலும் டிஸ்காக்ஸிலும் அந்த டெமோவின் எல்லா வெளியீடுகளையும் பாருங்கள், அதிகாரப்பூர்வமற்றது என்று குறித்தவற்றைக் கழித்துவிடுங்கள். மீதி இருப்பதில் சிடியோ ஃபைலோ இருந்தால் அதை வாங்குங்கள். லேபிளுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு எந்த டேப்பிலிருந்து எடுத்தீர்கள், இரைச்சல் குறைப்பு ஏதும் செய்தீர்களா, வேகத்தைச் சரிபார்த்தீர்களா என்று கேட்டால் சின்ன லேபிள்காரர்கள் பெரும்பாலும் பதில் போடுவார்கள், சந்தோஷமாகவே போடுவார்கள், அவர்களும் இதே பைத்தியம்தானே. மாஸ்டர் தொலைந்துவிட்டது, ஒரு சேகரிப்பாளரின் பிரதியிலிருந்துதான் எடுத்தோம் என்று பதில் வந்தால் அப்போது கணக்கு மாறுகிறது: மறுவெளியீடும் மூன்றாம் தலைமுறை, அசலும் மூன்றாம் தலைமுறை, நல்ல நிலையில் இருக்கும் அசல் கேசட் ஒன்றும் அதை ஓட்ட நல்ல டெக்கும் உங்களிடம் இருந்தால் அது அந்த மறுவெளியீட்டுக்குச் சமமாகவோ மேலாகவோ இருக்கலாம். அந்த ஒரு நிலைமையில் மட்டும், ஒலிக்காகவே அசலுக்குக் காசு கொடுக்கலாம் என்பேன். அதிகாரப்பூர்வமாக எதுவுமே இல்லை, அசலும் எட்டாத விலை என்றால் யூடியூபிலேயே கேட்டுக்கொண்டு காத்திருங்கள். இந்த வட்டாரத்தில் மறுவெளியீடுகள் வந்துகொண்டேதான் இருக்கின்றன, பூட்லெக்குக்குக் கொடுக்கும் காசு அது வரும்போது கையில் இருக்கட்டும்.